பெரிய ற

ஏனுங்க சார், இந்த எடத்துக்கு ஆளு வருதுங்களா? இல்லீங்கல்ல? அப்ப உக்காந்துக்கறேன். உங்க பையைச் சித்தெ அக்கட்டால நகத்துனீங்கன்னா என்ற பையையும் வெச்சுக்குவேன். போதுமுங்க, போதும். நீங்க எங்க, பழனிக்குங்களா? பழனி பஸ்சு இப்பத்தான் ஒண்ணு போச்சு. அடுத்தது வர முக்கா மணி நேரமாகும். நல்லதாப் போச்சு, பேசிட்டிருக்கலாம்.

நானுங்களா? கூத்தன்பாறை. பேரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீங்க. மலைக்கு மேல பஸ்சு கடைசியா நிக்கற எடத்துல எறங்கி, அங்கிருந்து ஜீப்புல ஒரு மணி நேரம் காட்டுக்குள்ள போகோணும். வருஷத்துல எட்டு மாசம் மழைங்க. மலை சாதி சனம் நாப்பது குடும்பம் இருக்குது. அங்க பதினாலு நாள் தங்கித் தொண்டு செய்யப் போறேன்.

போறேன்னு வாயில வருதே ஒழிய, போறதா வேண்டாமான்னு இன்னும் முடிவு பண்ணலீங்க. காலையில எட்டே காலுக்கு ஒரு பஸ்சு போச்சு, விட்டுப்போட்டேன். ஜன்னலோரம் எடமில்லை. பதினொன்னரைக்கு ஒண்ணு போச்சு, ஜன்னலோரம் இருந்துது, டிரைவரு கொட்டாவி விட்டுட்டே ஏறுனான். கொட்டாவி விடறவனை நம்பி அத்தனை கொண்டை ஊசி வளைவு ஏற முடியுங்களா? இனி மூணே முக்காலுக்குத்தான். அதை விட்டா இன்னைக்குப் பஸ்சு கெடையாது.

என்ற பேரு திருமலைசாமி. ரிடையர்டு டெபுடி தாசில்தார். எந்தத் தாலுகான்னு கேக்காதீங்க, எல்லாத் தாலுகாவும் ஒண்ணுதான். முப்பத்திநாலு வருஷ சர்வீஸ். முப்பத்திநாலு வருஷத்துல ஒரு மெமோ கெடையாது. நல்லாக் கேட்டுக்குங்க, ஒரு மெமோ கெடையாது. எப்படீன்னு கேப்பீங்க. எழுத்து சார், எழுத்து. நான் ஒரு குறிப்பு எழுதுனா அதுல க், ச் விட்டுப்போன ஒரு ஒத்துப் பிழை கண்டுபிடிக்க முடியாது. கலெக்டரே ஒருக்கா, "யாருப்பா இந்த ஆளு, தமிழ் வாத்தியாரா?"ன்னு கேட்டிருக்காரு. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சாப்பாடே வேண்டியிருக்கலை.

இந்தத் தொண்டு எப்படி ஆரம்பிச்சுதுன்னா, பார்க்குல காலையில நடக்கற கோஷ்டி ஒண்ணு இருக்குதுங்க, எல்லாம் ரிடையர்டு ஆளுங்க. அதுல பேங்க் மேனேஜரா இருந்த ஒருத்தரு போன வருஷம் ஏதோ தீவுக்குப் போயி பத்து நாள் தொண்டு செஞ்சுட்டு வந்தாரு. பத்து நாள்தானுங்க போனாரு. நாலு மாசம் பேசுனாரு. நாங்க மூச்சு வாங்கிட்டு நடந்துட்டிருப்போம், "அந்த மக்களோட சிரிப்பு இருக்கே, திருமலைசாமி"ன்னு ஆரம்பிப்பாரு. நான் பாக்காத மக்களுங்களா? தெனம் நூறு பேரு என்ற மேசைக்கு முன்னால வந்து நின்னிருக்காங்க. ஒருத்தரும் சிரிச்சதில்லை, அது வேற விஷயம்.

அப்பத்தான் போன்ல ஒரு அறிவிப்பு வந்துது. மலைவாழ் மக்களுக்குப் பதினான்கு நாட்கள் தாருங்கள்னு. பத்தை விடப் பதினாலு பெருசுங்களே. அந்த நிமிஷமே மனசுல ஒரு இது வந்துருச்சு. என்ன சொல்றது, தொண்டுள்ளம்.

வீட்டுல சொன்னதும் எங்கம்மிணி நாகமணி ஒரு கேள்வி கேட்டா. "பதினாலு நாளுதானுங்களா? ஒரு மாசத்துக்கு ஏதாச்சும் இருக்குதான்னு கேட்டுப் பாருங்களே"ன்னா. பாருங்க சார், ஒரு பொம்பளை புருஷனோட தொண்டுக்கு எந்தளவுக்கு விட்டுக்குடுக்கறான்னு. கல்யாணத்துக்குப் போறதுன்னா ரெண்டு மணி நேரம் பையைக் கட்டறவ, எனக்குப் பத்து நிமிஷத்துல கட்டிக் கதவோரம் வெச்சுப்போட்டா. மூணு வாரமா அந்தப் பை கதவோரமே இருந்துது. போறப்பெல்லாம் வாரப்பெல்லாம் அதைப் பாத்து ஒரு பெருமூச்சு விடுவா. பாசமுங்க.

ஆனா நான் எதையும் ஆற அமர விசாரிக்காம முடிவு பண்றவனில்லை. மலையில அந்தத் தொண்டு அமைப்போட ஆபீஸ்ல ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு இருக்குது, அதுதான் பொறுப்பு. தெனம் ஒரு போன் போட்டேன். மொத நாளு அட்டைப்பூச்சி. "இருக்கும் சார், உப்புத் துணி கட்டிக்கலாம்"னுச்சு. ரெண்டாம் நாளு கக்கூஸ். வெஸ்டர்ன் இல்லைன்னுச்சு. மூணாம் நாளு தயிரு. நாலாம் நாளு யானை. "யானை எப்பவாச்சும் வரும் சார், ஆனா அது பாட்டுக்குப் போயிரும்"னுச்சு. எத்தனை மணிக்கு வரும்னு கேட்டேன். அந்தப் பொண்ணு போனை வெச்சுருச்சு. டவர் கெடைக்கலையாட்டிருக்குது.

அப்பறம் ஒரு படிவம் அனுப்புனாங்க. பேரு, வயசு, ரத்த வகை எல்லாம் சரி. கடைசியில ஒரு கட்டம். "உங்களுக்கு என்ன வேலை தெரியும்?" அவ்வளவுதான். என்ன பதவி வகிச்சீங்கன்னு கேக்கலை, அனுபவம் கேக்கலை. என்ன வேலை தெரியும்னு கேக்கறாங்க, தச்சு வேலைக்கு ஆளெடுக்கற மாதிரி. எனக்குக் கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துது. ரெண்டு நாள் அந்தக் கட்டத்தைக் காலியாவே வெச்சிருந்தேன். பொறகு எழுதுனனுங்க. "பிழையின்றித் தமிழ் எழுதப் பயிற்சி. குறிப்பாக ர, ற வேறுபாடு. மற்றும் நீதிபோதனை."

ஏன் குறிப்பா ர, றன்னு கேக்கறீங்களா? இந்த நாட்டைக் கெடுக்கறதே அதுதானுங்க. சின்ன ர எங்க போடறது, பெரிய ற எங்க போடறதுன்னு ஒருத்தனுக்கும் தெரியலை. கடையில எழுதி வெச்சிருக்கான், "கறும்பு ஜூஸ்". குடிக்க மனசு வருதுங்களா?

இதுக்குள்ள பார்க் கோஷ்டி வழியனுப்பு விழா வெச்சுப்போட்டாங்க. நான் வேண்டாம்னுதான் சொன்னேன், அடுத்த ஞாயித்துக்கெழமை வெச்சுக்கலாமேன்னேன். சால்வை போத்துனாங்க. அந்த பேங்க் மேனேஜரே எந்திரிச்சு நின்னு, திருமலைசாமி பதினாலு நாள் போறாருன்னு பேசுனாரு. மொகத்துல ஈயாடலை. அதுல ஒரு சிக்கல் பாருங்க. விழா நடந்துருச்சு, நான் இன்னும் கெளம்பலை. ரெண்டு வாரமாப் பார்க்குப் பக்கம் தலைகாட்ட முடியலீங்க. வீட்டு மொட்டை மாடியிலதான் நடக்கறேன். நாகமணி துணி காயப் போட வந்தா, ஒதுங்கி நிக்கறேன்.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன வாரம் ஜெசிந்தா கூப்புட்டுது. "சார், உங்க படிவத்தை ஊர்க்கூட்டத்துல படிச்சோம்"னுச்சு. எந்த ஊர்க்கூட்டம்னேன். கூத்தன்பாறையிலதானாம். யாரு வந்து தங்கறதுன்னாலும் அவிய கூடிப் பேசித்தான் சரின்னு சொல்லுவாங்களாம். எப்படி இருக்குது பாருங்க. நான் போறதா வேண்டாமான்னு இங்க யோசிச்சுட்டிருக்கறேன், அவிய என்னடான்னா நான் வரலாமா வேண்டாமான்னு அங்க உக்காந்து பேசறாங்க. இதுவரைக்கும் ஏழு குழு வந்து சோப்புப் போட்டுக் கை கழுவறது எப்படின்னு பாட்டோட சொல்லிக்குடுத்துட்டுப் போயிருக்காங்களாம். குழாயில தண்ணிதான் வரலையாம். அதனால இனி வாரவங்க என்ன வேலை தெரிஞ்சவங்கன்னு கேட்டுட்டுத்தான் விடறதாம்.

"அப்ப என்னைப் பத்தி என்ன சொன்னாங்க?"ன்னேன். "மனு எழுதத் தெரியுமான்னு கேக்கறாங்க சார்"னுச்சு.

எனக்குச் சுருக்குன்னு இருந்துதுங்க. முப்பத்திநாலு வருஷம் மனு வாங்குனவன் சார் நான். எழுதுனவனில்லை. ஆனா கோவத்தைக் காட்டிக்கலை. என்ன மனும்மா, எதுக்குன்னு பதவிசாத்தான் கேட்டேன். சாதிச் சான்றிதழுக்குன்னுச்சு. பதினோரு வருஷமா அந்த ஊர்ல ஒரு குழந்தைக்கும் பழங்குடிச் சான்றிதழ் கெடைக்கலையாம். எல்லா மனுவும் திரும்பி வந்துருதாம். எப்படி எழுதுனாத் திரும்பி வராதுன்னு அவியளுக்குப் புரியலையாம். "ஒரு பேப்பர் அனுப்பறேன், நீங்களே பாருங்க சார்"னு போட்டோ எடுத்து அனுப்புச்சு.

பாத்தேன். சார், பெத்த புள்ளையைச் சந்தைக் கூட்டத்துல பாத்தாப்புல இருந்துதுங்க. என்ற குறிப்பு. என்ற கையெழுத்து. பதினோரு வருஷம் ஆகியும் அந்த ழகரத்தோட சுழி பாருங்க, அச்சு மாதிரி. மனப்பாடமாவே சொல்லுவேன். "மனுதாரர் தம் இனத்தை மறையர் எனக் குறிப்பிட்டுள்ளார். அரசுப் பட்டியலில் மறையர் என்னும் இனம் காணப்படவில்லை. மறை எனில் வேதம். மறையர் எனில் வேதம் ஓதுவோர் எனப் பொருள்படும். வேதம் ஓதுவோரைப் பழங்குடியினராகக் கருத இயலாது. எனவே மனு நிராகரிக்கத்தக்கது."

எப்படி? ஒரு வார்த்தை கூடக் கொறச்சல் இல்லாம. அதுக்கப்பறம் வந்த ஒவ்வொரு மனுவுக்கும் என்ற குறிப்பைத்தான் மேற்கோள் காட்டித் திருப்பியிருக்காங்க. பதினோரு வருஷம்! நான் ரிடையர் ஆயி நாலு வருஷமாச்சு, என்ற எழுத்து இன்னும் சர்வீஸ்ல இருக்குது. நாகமணியைக் கூப்புட்டுக் காட்டுனேன். அவ முழுசாப் படிச்சுப் பாத்துட்டு, "அவியளை அய்யருன்னு எழுதிப்போட்டீங்களா?"ன்னா. இல்ல புள்ளே, பொருள்படும்னுதான் எழுதியிருக்கறேன்னு சொன்னேன்.

விஷயம் என்னன்னா, அவிய மரையருங்க. சின்ன ர. மரைன்னா மானு. பட்டியல்ல சின்ன ரவுலதான் இருக்குது. மொதமொதல்ல அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல யாரோ ஒரு வாத்தியாரு பெரிய ற போட்டுச் சேத்திருக்காரு. மனுவும் அப்படியே வந்துது. நான் என்ன பண்றது? காயிதத்துல என்ன இருக்குதோ அதைத்தானுங்களே பாக்கோணும். ஆளைப் பாத்தா தெரியாதான்னு கேக்கறீங்க. தெரியுமுங்க. மனுதாரரு என்ற மேசைக்கு முன்னால வெறுங்காலோட, எட்டு மணி நேரம் பஸ்சுக்கும் ஜீப்புக்கும் அலைஞ்சு வந்து நின்னாரு. அவரு வேதம் ஓதலைன்னு எனக்குத் தெரியாதுங்களா? ஆனா எனக்குத் தெரிஞ்சதை எல்லாம் குறிப்புல எழுத முடியுங்களா? ஆதாரம் வேண்டாமா?

மேற்படி மனுதாரர் பேரு மயிலன். அன்னைக்கு மூத்த பையனுக்குச் சான்றிதழ் கேட்டு வந்தாரு. கெடைக்காமப் போனதுல பையனுக்கு ஹாஸ்டல் கெடைக்கலை, படிப்பு நின்னு போச்சு. இப்ப எஸ்டேட்டுல தேயிலைக்கு மருந்தடிக்கறான்.

இந்த மயிலன் திங்கக்கெழமை என்ற வீட்டுக்கே வந்துட்டாருங்க. குறிப்புக்கு அடியில என்ற பேரு இருக்குதுங்களே, அதைப் பாத்துட்டு ஜெசிந்தா விலாசம் குடுத்திருக்குது. கையில பாலிதீன் கவரு, அதுக்குள்ள பதினோரு வருஷக் காயிதம். உக்காருங்கன்னேன், தரையில உக்காரப் போனாரு. நாகமணிதான் நாற்காலியை இழுத்துப் போட்டா. அவரு சொன்னாரு, "ஐயா, சின்னப்புள்ள சுகந்தி பன்னெண்டாவது முடிச்சிருச்சுங்க. எங்கூர்ல அது ஒண்ணுதான் முடிச்சிருக்குது. கோயம்புத்தூர்ல நர்சு படிப்புக்கு எடம் இருக்குதுங்களாம். சனிக்கெழமை காலையில சான்றிதழோட வரச் சொல்லியிருக்காங்க. இப்ப இருக்கற தாசில்தாரம்மா நல்ல மாதிரி. 'குறிப்பு எழுதுனவரு இது எழுத்துல வந்த தவறுன்னு ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, அன்னைக்கே மேல அனுப்பி வாங்கித் தாரேன்'னு சொல்லிருச்சுங்க."

தவறுன்னு. நான். எழுத்துல.

சார், நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. எனக்கும் ஒரு பேத்தி இருக்குது. நான் சொன்னேன், "மயிலன், உங்க ஊருக்குன்னு பதினாலு நாள் ஒதுக்கியிருக்கறேன். வேணும்னா இருபத்தோரு நாளாக்கிக் குடுக்கறேன். மழையானாலும் சரி, அட்டையானாலும் சரி. உங்க புள்ளைங்களுக்கு இனி ஆயுசுக்கும் ர, ற குழப்பமே வராம பண்ணிக் குடுத்துட்டுப் போறேன்"னேன். "இருபத்தோரு நாள் வேண்டாமுங்க ஐயா. ஒரு கையெழுத்துப் போதுமுங்க"ன்னாரு.

தொண்டுன்னா என்னன்னே தெரியலை பாருங்க. ஒரு மனுஷன் தன்னோட நாளைத் தாரேன்னு நிக்கறான், இவரு கையெழுத்தைக் கேக்கறாரு.

இருந்தாலும் நான் முடியாதுன்னு சொல்லலை. நான் எப்பவுமே முடியாதுன்னு சொன்னதில்லை, அது என்ற பழக்கமில்லை. "கடிதத்தை அடிச்சுட்டு வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்"னேன். புதன்கெழமை கொண்டு வந்தாரு. ஜெசிந்தா மலையில இருந்து அடிச்சுக் குடுத்திருக்குது. பிரிச்சா மொதல் வரியிலயே "வட்டாச்சியர்". வட்டம் கூட்டல் ஆட்சியர் வட்டாட்சியர் சார். ட். நான் எத்தனை வருஷம் துணை வட்டாட்சியரா இருந்தவன், வட்டாச்சியருக்கு எப்படிக் கடிதம் எழுதுவேன்? சுட்டிக்காட்டித் திருப்பிக் குடுத்தேன். பேனாவுல திருத்திக்கலாமேன்னு நாகமணி கேட்டா. அடித்தல் திருத்தல் இருக்கக் கூடாதுங்க. அது அவளுக்குத் தெரியாது.

மயிலன் மலைக்குப் போயி, வியாழக்கெழமை மறுபடி வந்தாரு. வட்டாட்சியர் சரியாயிருச்சு. ஆனா மூணாவது வரியில "தவருதலாக எழுதப்பட்டுவிட்டது"ன்னு இருக்குது. சின்ன ர! தவறுங்கற வார்த்தையையே தவறா எழுதுனா நான் எப்படிங்க கையெழுத்துப் போடறது? மறுபடி குடுத்தனுப்புனேன். புதன்கெழமையே ரெண்டையும் சொல்லியிருக்கலாமேன்னு கேக்கறீங்களா? புதன்கெழமையே பாத்துட்டனுங்க. ஆனா ஒரு நேரத்துல ஒரு குறைதான் சுட்டோணும், ஆபீஸ்ல அதுதான் முறை. எல்லாத்தையும் ஒரே நாள்ல சொல்லிப்போட்டா மனுதாரரு பயந்துக்குவாரு.

நேத்து அவரு படியெறங்கிப் போனதும் நாகமணி ஒண்ணு சொன்னா. "உங்களுக்கு அட்டைக்கும் பயமில்லை, யானைக்கும் பயமில்லீங்க. ஒரு காயிதத்துக்குத்தான் பயம்." காலையில பையை எடுத்துக் கையில குடுத்துட்டுக் கதவைச் சாத்திக்கிட்டா. நான் பதினாலு நாள் இருக்க மாட்டேங்கற துக்கத்தை எப்படிக் காட்டறதுன்னு தெரியலை அவளுக்கு. ஆனா அந்தப் பேச்சு மட்டும் மனசுல நிக்குது சார். பயமா? எனக்கா? முப்பத்திநாலு வருஷம் ஒரு மெமோ இல்லாம இருந்துட்டு, போன பொறகு நானே எனக்கு ஒரு மெமோ எழுதிக்கறதாட்டம் இருக்குது. அது பயமில்லை. அதுக்கு வேற பேரு இருக்கும்.

அதனாலதான் பஸ்சை விட்டுட்டிருக்கறனோ என்னமோ. மயிலன்கிட்ட, திருத்துனதை இன்னைக்கு வெள்ளிக்கெழமை பஸ் ஸ்டாண்டுக்கே கொண்டு வாங்கன்னு சொல்லியிருந்தேன். காலையிலயே கெளம்பியிருந்தா மலை வழியில ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிருப்போம். அவரு இங்க வந்து நின்னிருப்பாரு, நான் அங்க அவரு ஊர்ல இருந்திருப்பேன். அப்படிச் செஞ்சிருக்கலாந்தான். செய்யலையே. அந்த நன்றி யாருக்கு இருக்குது?

அதோ... அவருதானுங்க. அந்தப் பச்சைத் துண்டு. கூட ஒரு புள்ளையும் வருது. வாங்க மயிலன், வாங்க. இதுதான் சுகந்தியா? நில்லும்மா, நெழல்ல நில்லு. இந்தச் சார் பழனிக்குப் போறாரு, நம்ம விஷயமெல்லாம் தெரியும், சொல்லிட்டேன். குடுங்க பாக்கலாம். மணி என்னாச்சு சார்? மூணரைங்களா. தாலுகா ஆபீஸ் இங்கிருந்து ஆட்டோவுல பத்து நிமிஷம்தான். நேரம் இருக்குது, நேரம் இருக்குது. அவசரப்பட்டா எழுத்து கண்ணுல படாது.

அனுப்புநர், பெறுநர்... வட்டாட்சியர்... ட் இருக்குது. பொருள்... பார்வை... சரி. மரையர், சின்ன ர, சரி. மறையர்னு தவறுதலாக... பெரிய ற. சரி. ஒத்து... சரி. முற்றுப்புள்ளி... சரி.

ஒண்ணுமே இல்லீங்க சார். ஒரு பிழை கூட இல்லை. யாரு பாத்துக் குடுத்தாங்க, ஜெசிந்தாவா? இந்தப் புள்ளையேவா? ஏம் பாப்பா, சொல்லு பாக்கலாம், உங்க சனத்தோட பேருல வாரது சின்ன ரவா பெரிய றவா? ...கேட்டீங்களா சார்? சின்ன ரங்குது. யோசிக்கவே இல்லை. யாரும்மா சொல்லிக்குடுத்தது? ...ஆறு வயசுல இருந்தே தெரியுமாம். ஊர்ல எல்லாருக்குமே தெரியுமாம். அதுலதான் அண்ணனோட படிப்புப் போச்சுன்னு வீட்டுக்கு வீடு சொல்லித்தான் புள்ளைங்களை வளக்கறாங்களாம்.

அப்ப நான் அங்க போயி என்னத்தைச் சொல்லிக்குடுக்கறது?

இல்லீங்க, படிச்சுட்டுத்தான் இருக்கறேன். இவ்வளவு நாளும் எழுத்துல பிழை இருந்துதுங்களா, கண்ணு அங்கேயே நின்னுக்கும். இப்பப் பிழை இல்லாமப் போச்சுங்களா, வாக்கியத்தைப் படிக்குதுங்க. "மேற்படி குறிப்பை எழுதியவன் நான். அது தவறு. அதனால் ஒரு மாணவனின் கல்வி நின்றுபோனது." நல்லாத்தான் எழுதியிருக்குது புள்ளை. சுருக்கமா. நானா இருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பேன்.

என்னங்க சார், பேனாவை நீட்டறீங்க? வேண்டாமுங்க, வேண்டாம். பேனா எங்கிட்டயே இருக்குது. பாருங்க, சட்டைப்பையில மூணு இருக்குது.

மலை பஸ்சு வந்துருச்சு! சார், அந்தப் பையை இப்படிக் குடுங்க. மூணு வாரமா வராத முடிவு பாருங்க, இப்ப அரை நிமிஷத்துல வந்துருச்சு. போறேன். போயே ஆகோணும். ஒரு காரியத்துக்கு வாக்குக் குடுத்துட்டா செஞ்சறோணும், நாப்பது குடும்பம் அங்க எனக்காகக் காத்துட்டிருக்கும். கண்டக்டர், ஒரு நிமிஷம்! ஜன்னலோரம் இருக்குதா? இருக்குது, இருக்குது.

மயிலன்! இங்க, இங்க, ஜன்னல்கிட்ட வாங்க. கடிதம் பத்திரமா எங்கிட்டத்தான் இருக்குது, பயப்படாதீங்க. ஏன் அங்கேயே நிக்கறீங்க? பாப்பாவைக் கூட்டிட்டு நீங்களும் ஏறுங்க. உங்க ஊருக்குத்தானே போறேன், பதினாலு நாளு அங்கேயேதான் இருப்பேன். சாவகாசமாப் பாத்துக் கையெழுத்துப் போட்டுக்கலாம்.